செவலைக்குக் கேட்ட பத்து நாள்

எனக்கு நாய் பிடிக்காது. சின்ன வயதிலும் பிடிக்காது, இந்த வயதிலும் பிடிக்காது. ஒரு நாய் பக்கத்தில் வந்தால் புடவையைச் சுருட்டிக்கொண்டு காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்கிற ரகம் நான். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் அக்காவோடு ஒரே வீட்டில் ஐந்து வருஷம் குடிவைத்ததே என் தலையெழுத்து, அதை என்னவென்று சொல்ல!

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை. குன்னூருக்கு மேலே, ஜெகதளாவைத் தாண்டி இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. அதில் அவர் பெரிய டீச்சர், நான் சின்ன டீச்சர். வேறு டீச்சர் கிடையாது. வெள்ளைக்காரத் துரைகள் காலம் அது. இரண்டாம் யுத்தம் இன்னும் வரவில்லை. டிரெயினிங் முடித்த கையோடு கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அவருக்கு நாற்பது இருக்கலாம். கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பறிகொடுத்தவர். படிக்கிறேன் என்று அடம்பிடித்துப் படித்து, வேலை கொடுத்த இடம் எதுவானாலும் சரி என்று இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தவர்.

அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் கல்யாணம் காட்சிகளில் சந்தித்துக்கொண்டால் அவரைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசிப் பேசி அவரை ஒரு தெய்வமாகவே ஆக்கிவிட்டார்கள். கேட்க எனக்கு எரிச்சலாக வரும். தெய்வத்தோடு ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவள் நான் ஒருத்திதான். தெய்வத்தின் மேல் எப்போதும் வேப்பெண்ணெய் நாறும். தெய்வம் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டு, நான் கேட்டால், “போட்ட மாதிரி இருந்துச்சே அம்மணி” என்று சொல்லும்.

பள்ளிக்கூடத்தை ஒட்டி எங்களுக்கு இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் விறகு போட ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகையில் விறகு இருந்ததை நான் பார்த்ததில்லை. கால் ஒடிந்த ஆடு, கண் தெரியாத ஒரு கிழட்டுப் பூனை, சொறி பிடித்த நாய் என்று ஏதாவது ஒன்று படுத்துக் கிடக்கும். விறகெல்லாம் மழையில் நனைந்துகொண்டு வெளியே இருக்கும். ஈர விறகை ஊதி ஊதி அடுப்பெரித்து என் கண் போனதுதான் மிச்சம். ஒரு நாள் பொறுக்க முடியாமல், “ஏனுங்கக்கா, நாம மனுசங்களா இல்ல இதுகளுக்கு வேலக்காரிங்களா?” என்று கத்தினேன். அவர் பூனைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ரெண்டும்தான்” என்றார். 

பிள்ளைகளை அவர் அடித்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்கென்று வந்த பிரம்பை, சரியாக மூடாத ஒரு ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். ஆனால் அவரிடம் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பிள்ளையாவது நாயையோ பூனையையோ கல்லால் அடித்தது தெரிந்தால், அந்தப் பிள்ளை அதே பிராணிக்கு ஒரு வாரம் தன் கையால் சோறு போடவேண்டும். தன் பங்குச் சோற்றிலிருந்து ஒரு கவளம். முதல் நாள் நாய் கிட்டேயே வராது. பிள்ளை அழும். மூன்றாம் நாள் கொஞ்சம் தள்ளி நின்று தின்னும். வாரம் முடிவதற்குள் அந்த நாய் பள்ளிக்கூட வாசலில் அந்தப் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டு கிடக்கும். இதனால் எங்கள் வாசலில் எப்போதும் ஏழெட்டு நாய்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்வாசல் வழியாகத்தான் போவேன்.

அவரால், எனக்கு முந்தி நடந்த என் தங்கை கல்யாணத்தின் முகூர்த்தத்தையே நான் தவறவிட்டேன். இரண்டு பேரும் பஸ்ஸில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பர்லியாரில் பஸ் நின்றது. அங்கே பழம் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி. வலத்து மாட்டின் கழுத்தில் நுகத்தடி உரசி உரசி உள்ளங்கை அகலத்துக்குப் புண். அக்கா இறங்கிப் போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். “மாட்ட அவுருங்க” என்றார். வண்டிக்காரன் முதலில் சிரித்தான், பிறகு திட்டினான், பிறகு கெஞ்சினான். பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எங்களை விட்டுவிட்டுப் போயே போய்விட்டார். மாட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, வேறு மாடு வரவழைக்கிறவரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான் பட்டுப்புடவையும் கையுமாக ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். ஊர் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டிப் பந்தியும் முடிந்திருந்தது. என் தங்கை இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை.

மலையில் மழைக்காலத்தில் அட்டைத் தொல்லை அதிகம். மனிதர்களுக்குக் கணுக்காலில் ஏறும். உப்பைத் தேய்த்தால் விழுந்துவிடும். ஆடு மாடு நாய்களுக்கு அப்படியில்லை. ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது குட்டி அட்டை மூக்குக்குள் போய்விடும். உள்ளேயே இருந்து இரத்தம் குடித்துப் பெருக்கும். பிராணி தும்மித் தும்மி, மூக்கில் இரத்தம் ஒழுகி, தீனி எடுக்காமல் மெலிந்துபோகும். அக்காவுக்கு இதில் கைதேர்ந்த வித்தை ஒன்று இருந்தது. அந்தப் பிராணிக்கு ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் காட்டமாட்டார். பிறகு ஒரு வட்டிலில் தண்ணீரை மூக்குக்கு நேரே வைப்பார். குடிக்கவும் விடமாட்டார், எடுக்கவும் மாட்டார். கொஞ்ச நேரத்தில் அட்டை தண்ணீர் வாசத்துக்கு மூக்கிலிருந்து தலையை நீட்டும். உப்பில் தோய்த்த துணியால் ஒரே பிடி, ஒரே இழு. நான் பார்த்தே நூறு அட்டை எடுத்திருப்பார். கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைனில் யார் வீட்டு மாடு தும்மினாலும், “பெரிய டீச்சரக் கூட்டியா” என்பார்கள். பாடம் நடுவில் கைக்குட்டையில் உப்பை முடிந்துகொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு வகுப்பும் என் தலையில் விழும்.

செவலை என்பது ஒரு செம்பட்டை நிற நாய். கல்லடி வாங்கி, அடித்த பிள்ளையின் கையால் ஒரு வாரம் சோறு வாங்கித் தின்று, பிறகு எங்கும் போகாமல் அக்காவின் காலடியிலேயே தங்கிவிட்டது. அவர் பாடம் நடத்தும்போது மேஜைக்கடியில் படுத்துக்கொள்ளும். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து வெளியே போய்விடும். எனக்குப் பிடிக்காது என்று அதற்குத் தெரியும். அந்த ஒரு மரியாதைக்காக அந்த நாயை மட்டும் நான் திட்டுவதில்லை.

என் நான்காவது வருஷம், ஒரு மழைக்காலத்தில், ஜெகதளாப் பக்கத்திலிருந்து ஒரு வெறிநாய் எங்கள் எஸ்டேட்டுக்குள் வந்தது. இரண்டு மாட்டையும் சில நாய்களையும் கடித்துவிட்டு ஓடையோரம் செத்துக் கிடந்தது. துரை உடனே ஒரு உத்தரவு போட்டார். எஸ்டேட்டில் எந்த நாயாவது ஆளைக் கடித்தால் அன்றைக்கே ஆபீசுக்குச் சொல்லவேண்டும். அந்த நாயைச் சுட்டு, தலையை வெட்டி, குன்னூரில் நாய்க்கடிக்கு ஊசி போடுகிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். மூளையைப் பார்த்து வெறியா இல்லையா என்று அங்கே சொல்லிவிடுவார்கள். இதைக் காலையில் ஆள் கூடுகிற இடத்தில் மேஸ்திரிகள் மூன்று பாஷையில் படித்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது வாரம் ஒரு காலை செவலை சோறு தின்னவில்லை.

வாயைப் பாதி திறந்தபடியே நின்றது. எச்சில் வடிந்தது. முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. தொண்டையில் எதுவோ சிக்கிய மாதிரி கக்கிக் கக்கி இருமியது. அக்கா பார்த்ததுமே, “அட்ட தொண்டக்குள்ள எறங்கிப்போச்சு” என்றார். “ஓடத் தண்ணி குடிச்சிருக்குது. மூக்குல இருந்தா தண்ணி காட்டி எடுக்கலாம். தொண்டன்னா கையவிட்டுத்தான் எடுக்கோணும்.”

“அக்கா, வேண்டாமுங்க. வெறிநாய் வந்து போன ஊரு இது. டிஸ்பென்சரி கம்பவுண்டர வரச் சொல்லலாம்.”

“கம்பவுண்டருக்கு மனுசன் தொண்டையே பாக்கத் தெரியாது, போ.”

கரண்டிக் காம்பில் துணி சுற்றி அதன் வாயில் குறுக்கே கொடுத்தார். விரலில் உப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு கையை உள்ளே விட்டார். நான் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். “சிக்கிருச்சு, சிக்கிருச்சு” என்றார். அந்த நேரத்தில் கரண்டி நழுவியது. நாய் வேண்டுமென்று கடிக்கவில்லை. அதை நான் சத்தியமாகச் சொல்வேன். வாய் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். அக்கா கையை வெளியே எடுத்தபோது கட்டை விரலுக்குக் கீழே இரண்டு பல் பதிந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. துணியில் இரத்தமும் சளியும். “பாதி அட்ட வந்திருச்சு பாரு” என்று காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு இரத்தம்தான் தெரிந்தது. அது அட்டை குடித்த இரத்தமா, நாயின் இரத்தமா, அவருடைய இரத்தமா, யாராலும் சொல்லியிருக்க முடியாது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஊதா மருந்தைக் கரைத்து ஊற்றினார். பிறகு செவலையைக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“இத ஆருகிட்டயும் சொல்லக்கூடாது, அம்மணி.”

“ஏனுங்கக்கா? குன்னூருக்குப் போய் ஊசி போட்டுக்கலாமுங்க.”

“ஊசி போடப் போகோணும்னா துரைகிட்ட லீவு கேக்கோணும். எதுக்குன்னு கேப்பாரு. சொன்னா அடுத்த நிமிசம் செவலையச் சுட்டுப்போடுவாங்க. அட்டைக்காக ஒரு உசுரக் கொல்றதா? கட்டிப்போட்டுப் பத்து நாள் பாக்கலாம். வெறின்னா பத்து நாளைக்குள்ள அதுவே செத்துப்போயிரும். பத்து நாள் உசுரோட இருந்துச்சுன்னா, எனக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். அதுக்குப் பத்து நாள் குடு. அத்தன போதும்.”

“செத்துப்போச்சுன்னா?”

“அப்பப் போய் ஊசி போட்டுக்கிறேன்.”

அந்தப் பத்து நாளை அவர் என்னிடம் கேட்டார். நான் சரி என்று சொன்னேன். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சத்தியம் செய்துவிட்டேனே தவிர சோறு இறங்கவில்லை. என் மாமா ஒருவர் நாய்க்கடியில் செத்ததை எட்டு வயதில் பார்த்தவள் நான். எப்படிச் செத்தார் என்று எழுதமாட்டேன். தண்ணீர்ச் செம்பைக் கண்டு ஒரு ஆண்பிள்ளை அலறியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அந்த நோய் வந்துவிட்டால் ஊசியும் இல்லை மருந்தும் இல்லை. வருவதற்கு முன்னால் போட்டால்தான் உண்டு. அக்கா அங்கே ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார், நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சொறிகிறாரா? வலிக்கிறதா? தண்ணீர் குடிக்கிறாரா? அவர் செம்பைத் தூக்கும்போதெல்லாம் என் வகுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

இரண்டாம் நாள் செவலை கொஞ்சம் தண்ணீர் நக்கியது. “பாத்தியா, வெறின்னா தண்ணி தொடுமா?” என்று அக்கா சிரித்தார். எனக்கும் உயிர் வந்தது. மூன்றாம் நாள் அது குரைத்தபோது குரல் உடைந்து, கரகரவென்று வந்தது. தொண்டையில் புண் என்றார் அக்கா. இருக்கலாம். ஆனால் குரல் மாறுவது வெறியின் அடையாளம் என்று கம்பவுண்டர் முன்பே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று மாலை அது என்னைப் பார்த்தது. என்னைக் கண்டால் தள்ளிப்போகிற நாய், தள்ளிப்போகாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றது.

நான்காம் நாள் விடிந்ததும் ஓடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே டிஸ்பென்சரிக்குப் போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை உத்தேசித்துச் சொன்னதாகத்தான் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். பொய். பிள்ளைகள் ஞாபகமே எனக்கு அப்போது இல்லை. அக்கா செத்துப்போய்விடுவாரே என்ற ஒரே பயம். அவர் இல்லாத அந்த வீட்டையும் அந்த மலையையும் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவ்வளவு பிரியம் வைத்திருந்தேன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்பவுண்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். “மூணு நாளா? ஏனுங்க டீச்சரம்மா, படிச்சவங்க பண்ற வேலைங்களா இது? கையில கடி! போற ஒவ்வொரு நாளும் ஆபத்துங்க!” அங்கிருந்தே ஆபீசுக்கு ஓடினார். பத்து மணிக்கு ஆள் வரும் என்று திரும்பி வந்து சொன்னார்.

இனி எழுதுவதுதான் கஷ்டம். துப்பாக்கி வருகிற நேரத்தில் அக்கா கொட்டகையில் இருந்தால் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். வண்டிக்கு முன்னால் நின்றவர் துப்பாக்கிக்கு முன்னாலும் நிற்பார். அதனால், “அக்கா, எனக்குத் தலவலிங்க. நாலாங் கிளாசுக்கும் நீங்களே வாய்ப்பாடு கேட்டுப்போடுங்க” என்றேன். “போய்ப் படுத்துக்கோ அம்மணி, மூஞ்சியே வாடிக் கெடக்குது” என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் படுக்கப் போகவில்லை. வகுப்பின் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டேன்.

பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் வெளியே காலடி கேட்கவில்லை. ஒரே வெடிதான். பிள்ளைகள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுண்ணக்கட்டியைக் கரும்பலகையின் அடிக்கட்டையில் வைத்தார். “ஆரும் வெளிய வரக்கூடாது. உக்காந்து எழுதுங்க” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, ஓடாமல் நடந்து போனார்.

சுட்டவர் பேக்டரி வாட்ச்மேன், பட்டாளத்தில் இருந்து வந்தவர். குறி தவறாத ஆள் என்று எஸ்டேட் முழுக்கப் பெயர். நான் பின்னால் போனபோது கம்பவுண்டர் கையில், தலையை வைத்து அனுப்ப மரத்தூள் போட்ட தகர டின்னோடு வந்து நின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேன் பெருமையாகச் சொன்னார்: “ஒரே தோட்டாவுங்க. நடு நெத்தி. ஒரு சத்தம் இல்லீங்க.”

கம்பவுண்டர் டின்னைக் கீழே போட்டார். “அடப் பாவி மனுசா! தலயிலயா சுட்ட? தலய வெச்சுத்தானய்யா பாக்கோணும்!”

“தலயில சுட்டாத்தானுங்க உடனே போகும்? வேற எங்க சுடறதுங்க?”

“நெஞ்சுல சுடோணும்! மூள செதறிப்போச்சே, எதய நான் அனுப்பறது?”

உத்தரவை மூன்று பாஷையில் படித்தார்களே, சுடுகிறவரிடம் தலையில் சுடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கம்பவுண்டர், துரை ஆபீசில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தார். ஆபீசில், கம்பவுண்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தார்கள். வாட்ச்மேன் தன்னால் முடிந்ததை ஒழுங்காகச் செய்தார். நாயும் போயிற்று, அது வெறிநாயா இல்லையா என்று தெரிந்துகொள்கிற வழியும் போயிற்று.

அக்கா இவர்கள் சண்டையைக் காதில் வாங்கவே இல்லை. கீழே உட்கார்ந்து அதன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கொக்கி இறுகிப்போய் வரவில்லை. நான் கிட்டே போய் உதவலாமென்று குனிந்தேன். “நீ பிள்ளைகளப் பாரு” என்றார். குரலில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவரே குழி வெட்டிப் புதைத்தார்.

அன்று மத்தியானமே குன்னூருக்குப் போனோம். தலை இல்லை, நாயும் இல்லை என்றால் வெறி என்றே வைத்துக்கொண்டு போடவேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, நாளுக்கு ஒன்று. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைத் தேயிலைச் செடியில் புழு பொறுக்க அனுப்பினார் துரை. அதில் அவருக்குச் சந்தோஷம்தான். நானும் அக்காவும் தினம் குறுக்குப் பாதையில் ஒன்றரை மணி நேரம் இறங்கி, ஊசி போட்டுக்கொண்டு, ஏறி வருவோம். ஐந்தாவது ஊசிக்குப் பிறகு அவருக்கு வயிறு கட்டிக் கட்டியாக வீங்கிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறை பாறையாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவார்.

அவர் என்னோடு பேசாமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேசினார். மழையைப் பற்றி, அரிசியைப் பற்றி, எந்தப் பிள்ளைக்குக் கழித்தல் கணக்கு வரவில்லை என்பதைப் பற்றி எல்லாம் பேசினார். செவலை என்ற வார்த்தை மட்டும் வரவே இல்லை. ஒரு நாள் பாதையில் நானே உடைந்து அழுதுவிட்டேன். “திட்டுங்கக்கா, ரெண்டு அறைகூட வையுங்க” என்றேன். “அழுவாத, மழ வாரதுக்குள்ள ஊடு போய்ச் சேரோணும்” என்று என் கையைப் பிடித்து எழுப்பினார்.

அவருக்கு ஒன்றும் வரவில்லை. ஊசி காப்பாற்றியதா, இல்லை செவலை தொண்டையில் அட்டை சிக்கிய நல்ல நாய்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எத்தனை டாக்டர்களிடம் கேட்டிருக்கிறேன்! எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் அம்மா என்கிறார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

மறு வருஷம் எனக்குக் கல்யாணமாகிக் குன்னூர் பஜாரில் குடிவந்தேன். அக்கா அதே எஸ்டேட்டில் இன்னும் இருபது வருஷம் டீச்சராக இருந்தார். வெள்ளைக்காரத் துரை போய் நம் ஊர்த் துரை வந்தும் அவர்தான் பெரிய டீச்சர். கொட்டகையில் எப்போதும்போல ஏதாவது படுத்துக் கிடந்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்த நாயையும் மேஜைக்கடியில் அவர் படுக்கவிடவில்லை என்று கேள்விப்பட்டேன். என் இரண்டு பிரசவத்துக்கும் வந்து இருந்து, என் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். உப்பில்லாமல் பத்தியக் குழம்பு வைத்துக்கொடுத்தார். பத்தியம் என்பதால் உப்புக் குறைவாம், எனக்கா தெரியாது!

கடைசியில் அவரிடம் படித்த ஒரு பெண் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். எண்பதைத் தாண்டிவிட்டார். படுக்கையோடு சரி. நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ச் சுளை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கே அறுபது வயது. இனி எப்போது கேட்கப்போகிறேன் என்று கேட்டுவிட்டேன்.

“அக்கா, அன்னைக்கு நான் போய்ச் சொன்னது தப்புங்களா?”

எதைக் கேட்கிறேன் என்று அவர் யோசிக்கவே இல்லை. “தப்பில்ல அம்மணி. உன்ற எடத்துல நானா இருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன். உசுருன்னா பயம் இருக்காதா? உன்ற மேல எனக்கு ஒரு நாளும் கோவமில்ல.”

நாற்பது வருஷ பாரம் இறங்கியது என்று நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த சுளையை எடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“சொன்னது தப்பில்ல. என்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் தடுத்திருக்க மாட்டேன். கூடப் போய் அதப் பிடிச்சுட்டு நின்னிருப்பேன். மூணு நாளு ஒத்தையாக் கட்டிக் கெடந்த நாயி. ஆள் வாரதப் பாத்து, ஆரோ அவுத்துவிட வாராங்கன்னு வாலாட்டியிருக்கும்.”

வாலாட்டத்தான் செய்தது. குழி வெட்டிய அன்றே வாட்ச்மேன் தனியாக என்னிடம் வந்து, “வாலாட்டுச்சுங்க டீச்சரம்மா, கை நடுங்கிப்போச்சு, அதனாலதான் கிட்டப் போய் நெத்தியில வெச்சேன்” என்று சொல்லி அழுதார். நாற்பது வருஷமாக எனக்குத் தெரியும். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லீங்கக்கா, அது அப்பத் தூங்கிட்டு இருந்துச்சாம்” என்று சொல்லி, சுளையை அவர் வாயில் வைத்தேன்.